ஒரு பொய்ச் செய்தி ரயிலையும் லாரியையும் எப்படி நிறுத்துகிறது: எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

2025 டிசம்பர் 3 இரவு இங்கிலாந்தின் வடமேற்கில் 3.3 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. கொஞ்ச நேரத்தில் லங்காஸ்டர் நகரின் கார்லைல் பாலம் இடிந்து நிற்பது போல ஒரு படம் சமூக ஊடகங்களில் சுற்ற ஆரம்பித்தது. நள்ளிரவு தாண்டி அரை மணி நேரத்தில் ரயில் பாதையைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரயிலுக்குத் தகவல் போனது. உடனே ரயில்களை நிறுத்தினார்கள். சோதித்துப் பார்த்தபோது பாலத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. பாதையை மறுபடி திறக்கும்போது மணி இரண்டு. அதற்குள் பயணிகள் ரயிலும் சரக்கு ரயிலுமாக 32 சேவைகள் தாமதமாகிவிட்டன. படம் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது என்றே கருதப்படுகிறது.

ரயிலை நிறுத்தியது சரியான முடிவு. பாலம் உடைந்ததாகத் தகவல் வந்தால் எந்தக் கண்ட்ரோல் ரூமும் அதைத்தான் செய்ய வேண்டும். ஆனால் இதில் இருக்கும் ஆபத்தைக் கவனியுங்கள். பொய்யைக் கிளப்பியவர் தண்டவாளத்தின் பக்கமே போகவில்லை. பாதுகாப்புக்காக நாம் வைத்திருக்கும் விதியே அவருக்காக வேலை பார்த்துவிட்டது. "இனிமேல் படத்தை நம்ப வேண்டாம்" என்று முடிவெடுத்தால் அடுத்த முறை பாலம் நிஜமாகவே உடைந்திருக்கும்போது உயிர்கள் போகும். அதனால் நம் கையில் இருக்கும் ஒரே வழி அந்த ஒன்றரை மணி நேரத்தைக் குறைப்பது. பொய் வந்து சேரும் நிமிடத்துக்கும், உறுதியான தகவல் கையில் கிடைத்து அது மக்களைப் போய்ச் சேரும் நிமிடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சுருக்க வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

ரயில், பேருந்து, துறைமுகம், விமான நிலையம், எரிபொருள் விநியோகம், லாரி நிறுவனம், கிடங்கு, கொள்முதல் பிரிவு என எங்கே வேலை பார்ப்பவருக்கும் இது பயன்படும். பத்து லாரி வைத்திருப்பவர் எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. முதல் நான்கு படிகளைச் செய்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

பொய் எந்த வழியாக உள்ளே வருகிறது

நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு என்பதால் முதலில் இவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வழி, மக்கள். இதுதான் மிகப் பெரியது. 2021 செப்டம்பரில் பிரிட்டனில், லாரி டிரைவர் பற்றாக்குறையால் சில பெட்ரோல் நிலையங்களை மூட வேண்டியிருக்கிறது என்று பிபி நிறுவனம் அரசிடம் சொன்னது வெளியே கசிந்தது. மூடியவை ஒரு சில நிலையங்கள்தான். நாட்டில் எரிபொருளும் இருந்தது. ஆனால் செய்தி வந்த மூன்றே நாளில், தனியார் நிலையங்களின் சங்கம் தன் உறுப்பினர்களான சுமார் 5,500 நிலையங்களில் மூன்றில் இரண்டு பங்கு காலி என்று அறிவித்தது. அக்டோபர் 4 முதல் டேங்கர் ஓட்ட ராணுவத்தினர் வந்தார்கள். இத்தனைக்கும் அந்த விதைச் செய்தி பொய் கூட இல்லை, பாதி உண்மை. பாதி உண்மையே இவ்வளவு செய்யும் என்றால், திட்டமிட்டுச் செய்த பொய் என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

இதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. ஒரு நிலையத்துக்கு 700 வாடிக்கையாளர்கள், ஒவ்வொருவரும் வாரம் ஒருமுறை பெட்ரோல் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 பேர். டேங்கர் வரும் நேரம், நிலத்தடித் தொட்டியின் கொள்ளளவு எல்லாமே இந்த நூறை வைத்துத்தான் திட்டமிடப்படும். "நாளைக்குக் கிடைக்காது" என்ற ஒரு வரி, அந்த 700 பேரையும் இரண்டே நாளில் வரவைத்தால் நாளுக்கு 350 பேர். யாரும் பதுக்கவில்லை, யாரும் பேராசைப்படவில்லை. அடுத்த வாரம் போட வேண்டியதை இன்றைக்கே போட்டார்கள், அவ்வளவுதான். நிலையம் காலி. காலியான நிலையத்தைப் படம் பிடித்து ஒருவர் பதிவு போடுகிறார். இப்போது பொய் உண்மையாகிவிட்டது, அதற்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது.

பயணிகள் போக்குவரத்திலும் இதே கதைதான். 2012 ஆகஸ்டில் குறுஞ்செய்தி வதந்திகளால் வடகிழக்கு மாநிலத்தவர்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூரை விட்டுக் கிளம்ப, ரயில்வே சிறப்பு ரயில்கள் விட வேண்டியதாயிற்று. அரசு மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்புவதற்கே தற்காலிகக் கட்டுப்பாடு போட்டது. 2020 ஏப்ரல் 14 அன்று, ஊரடங்கு நடுவில் ரயில் ஓடப்போகிறது என்ற பேச்சை நம்பி மும்பை பாந்த்ரா நிலையத்துக்கு அருகே பெருங்கூட்டம் கூடிவிட்டது.

இரண்டாம் வழி, இயக்குபவரின் கட்டாயம். ஆபத்து என்று தகவல் வந்தால் அவர் நிறுத்தியே ஆக வேண்டும். கார்லைல் பாலம் இந்த வகை. 2024 அக்டோபரில் இந்திய விமானங்களுக்கு வந்த வெடிகுண்டு மிரட்டல்களும் இதுதான். பெரும்பாலும் சமூக ஊடகப் பதிவுகள். நூற்றுக்கணக்கான விமானங்கள் பாதிக்கப்பட்டன. தில்லியிலிருந்து சிகாகோ போன ஏர் இந்தியா விமானம் கனடாவின் இக்காலூயிட்டில் இறங்கியது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் போன விமானத்துக்குப் போர் விமானங்கள் துணைக்கு வந்தன. எதிலும் குண்டு இல்லை.

மூன்றாம் வழி, கருவிகள். ஆளுக்குப் பதில் திரைக்கும் ரேடியோவுக்கும் பொய் சொல்வது. 2023 ஆகஸ்டில் போலந்தில் யாரோ ரயில்வேயின் பழைய ரேடியோ அலைவரிசையில் அவசர நிறுத்த ஒலியை அனுப்பினார்கள். யார் அனுப்புகிறார்கள் என்று சரிபார்க்கும் வசதி அந்த அமைப்பில் இல்லாததால் சுமார் 20 ரயில்கள் நின்றன. 2021 ஜூலையில் ஈரான் ரயில் நிலையங்களின் அறிவிப்புப் பலகைகளில், சைபர் தாக்குதலால் தாமதம், விவரத்துக்கு இந்த எண்ணை அழையுங்கள் என்று ஒரு போன் நம்பர் ஓடியது. அது நாட்டின் உச்சத் தலைவர் அலுவலக எண். கடலில் 2017-இல், கருங்கடலில் நின்ற இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் ஜிபிஎஸ் அவை நிலத்தின் நடுவே ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. இவ்வளவு தொழில்நுட்பம் கூடத் தேவையில்லை. 2020-இல் சைமன் வெக்கெர்ட் என்ற கலைஞர் 99 போன்களை ஒரு சிறு வண்டியில் போட்டு பெர்லின் தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். காலியான தெருவில் நெரிசல் என்று கூகுள் மேப்ஸ் சிவப்புக் கோடு போட்டது.

நான்காம் வழி, மேசை. கொள்முதல், கணக்கு, பங்குச் சந்தை. நெடுஞ்சாலைகளையும் விமான நிலையங்களையும் நடத்தும் பிரெஞ்சு நிறுவனம் வின்சி. 2016 நவம்பர் 22 அன்று, அந்நிறுவனத்தின் கணக்கில் பெரும் முறைகேடு என்று அதன் பெயரிலேயே ஒரு போலி அறிக்கை செய்தி நிறுவனங்களுக்குப் போனது. போலித் தளத்தின் முகவரி அசலைப் போலவே இருந்தது, கடைசிப் பகுதி மட்டும் வேறு. அவசரமாக வெளியிட்ட தலைப்புச் செய்திகளால் பங்கு விலை சில நிமிடங்களில் சுமார் 18 சதவீதம் சரிந்தது. சரிபார்க்காமல் வெளியிட்டதற்காக ப்ளூம்பெர்க் நிறுவனத்துக்குப் பிரெஞ்சு சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது, மேல்முறையீட்டில் அது குறைந்தது. 2024-இல் பொறியியல் நிறுவனமான அரூப்பின் ஹாங்காங் ஊழியர் ஒருவர், மேலதிகாரிகள் இருப்பது போலத் தோன்றிய வீடியோ கூட்டத்தை நம்பி சுமார் 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பிவிட்டார். கூட்டத்தில் இருந்த முகங்கள் போலி.

படி 1: உங்களை நிறுத்தக்கூடிய வாக்கியங்களை எழுதுங்கள்

பொதுவாகப் "பொய்ச் செய்தி அபாயம்" என்று கூட்டம் போட்டால் ஒன்றும் நடக்காது. பணிமனையில், கிடங்கில், கண்ட்ரோல் ரூமில் வேலை பார்க்கும் நாலைந்து பேரை உட்காரவைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "எந்த ஒரு வரி செய்தி நாளை காலை பரவினால் நம் வேலை மதியத்துக்குள் நின்றுபோகும்?"

வரும் பதில்கள் இப்படி இருக்கும். "டேங்கர் டிரைவர்கள் நாளை முதல் வேலைநிறுத்தம்." "இந்தத் துறைமுகத்தில் நச்சு வாயுக் கசிவு." "இந்தப் பாலத்தில் விரிசல்." "இந்த வண்டியில் குண்டு." "இந்தச் சப்ளையர் திவால்." "இந்த மருந்துச் சரக்கில் கலப்படம்." ஒவ்வொன்றையும் முழு வாக்கியமாக எழுதுங்கள். "துறைமுகப் பிரச்சினை" என்று எழுதி வைத்தால் யாருக்கும் உதவாது.

அப்புறம் அவற்றை வரிசைப்படுத்துங்கள். 1940-களில் வதந்தியை ஆராய்ந்த உளவியலாளர்கள் ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் சொன்ன விதி இன்றும் நிற்கிறது: ஒரு வதந்தியின் வலிமை, விஷயத்தின் முக்கியத்துவத்தையும் தெளிவின்மையையும் பெருக்கினால் வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் ஒன்றைப் பூஜ்யமாக்கினால் மொத்தமும் பூஜ்யம். எரிபொருள் முக்கியமில்லை என்று மக்களிடம் சொல்ல முடியாது. ஆனால் தெளிவின்மையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. எனவே எந்த வாக்கியத்தைப் பற்றி மக்களிடம் மிகக் குறைவான தகவல் இருக்கிறதோ, அது பட்டியலில் மேலே ஏற வேண்டும்.

படி 2: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு கண்ணை நியமியுங்கள்

இங்கேதான் நிறைய நேரம் செலவழிக்கச் சொல்வேன். பொய்யைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம். ஆனால் பாலம் நிற்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள படத்தை ஆராய வேண்டியதில்லை, பாலத்தைப் பார்த்தால் போதும்.

2021 ஜூனில் நடந்தது நல்ல பாடம். பிரிட்டனின் எச்எம்எஸ் டிஃபென்டர், நெதர்லாந்தின் எவர்ட்சன் என்ற இரு போர்க்கப்பல்கள் ஒடெசாவிலிருந்து கிளம்பி, ரஷ்யக் கடற்படைத் தளமான செவஸ்தபோல் அருகே போனதாகக் கப்பல் கண்காணிப்புத் தரவு காட்டியது. பெரிய மோதலுக்கே காரணமாகியிருக்கக்கூடிய தகவல். ஆனால் அதே நேரத்தில் ஒடெசா துறைமுகத்தின் நேரலைக் கேமராவில் இரண்டு கப்பல்களும் கரையில் கட்டிக் கிடந்தன. ஒரு சாதாரண வெப்கேமரா அந்தப் பொய்யை உடைத்தது.

அதனால் படி 1-இன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே மூன்று விஷயங்களை எழுதுங்கள். எந்தக் கேமரா, எந்த உணர்கருவி, எந்த மனிதர் இதை நேரில் உறுதி செய்ய முடியும்? அவரது போன் எண் என்ன, இரவு 2 மணிக்கு யார் எடுப்பார்? எத்தனை நிமிடம் ஆகும்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில் உங்களைச் சங்கடப்படுத்தும். ஒரு பாலத்துக்கு ஆள் போய்ச் சேர 50 நிமிடம் ஆகும் என்றால், அங்கே கேமரா வைப்பதற்கான காரணம் தாளில் எழுதிக் கிடைத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: கண்கள் ஒன்றையொன்று சாராமல் இருக்க வேண்டும். ஒரே ஜிபிஎஸ் தரவை மூன்று திரைகளில் பார்ப்பது மூன்று சாட்சி ஆகாது. கப்பல் என்றால் கண்காணிப்புத் தரவோடு ரேடாரும் கேமராவும் வேண்டும். லாரி என்றால் ஜிபிஎஸ்ஸோடு டிரைவரின் குரலும் சுங்கச்சாவடிப் பதிவும் வேண்டும்.

படங்களைச் சோதிக்கவும் ஒருவருக்குப் பயிற்சி கொடுங்கள். இதே படம் முன்பே வந்திருக்கிறதா என்று தேடுவது, வானிலையையும் நிழலின் திசையையும் ஒப்பிடுவது, பின்னால் தெரியும் கட்டடங்களை வரைபடத்தோடு பொருத்துவது போன்றவை ஒருநாள் பயிற்சியில் வந்துவிடும். "இது ஏஐ படமா" என்று ஒரு சாட்பாட்டிடம் கேட்டுக் கிடைக்கும் பதிலை வைத்து மட்டும் ரயிலை ஓட விடாதீர்கள். அது ஒரு துப்பு, உறுதி ஆகாது.

படி 3: காதை எங்கே வைப்பது

பெரிய நிறுவனங்கள் சமூக ஊடகக் கண்காணிப்புச் சேவைகளை வாங்குகின்றன. வாங்கலாம். ஆனால் டிரைவர்களின் குழு அரட்டை, வாடிக்கையாளர் சேவை எண், டிஸ்பாட்ச் மேசை ஆகிய மூன்றும்தான் பெரும்பாலும் முதலில் கேட்கும். "சார், இப்படி ஒரு ஆடியோ சுத்துது, நிஜமா?" என்று ஒரு டிரைவர் கேட்கும் கேள்வி எந்த மென்பொருளையும்விட முன்னால் வந்துவிடும்.

அந்தக் கேள்விக்கு எரிந்து விழாமல் பதில் சொல்லும் ஒரே ஒரு எண் வேண்டும். கேட்டவருக்கு நன்றி சொல்லி, வந்த ஆடியோவையோ படத்தையோ அப்படியே வாங்கி வைத்து, எந்த நேரத்தில் யாரிடமிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். அவர் பெயர் எக்காரணத்தாலும் தண்டனைப் பட்டியலுக்குப் போகக்கூடாது. போனால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள்.

படி 4: முதல் ஒரு மணி நேரம்

ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய சுமார் 1,26,000 செய்திகளை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். 1,500 பேரைச் சென்றடைய உண்மைச் செய்திக்குப் பொய்யைப் போல சுமார் ஆறு மடங்கு நேரம் ஆகிறது. அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், மணியைப் பாருங்கள்.

முதல் 5 நிமிடம்: தகவல் வந்த நேரத்தைக் குறியுங்கள். உயிருக்கு ஆபத்து இருக்கலாம் என்றால் உடனே நிறுத்துங்கள், அல்லது வேகத்தைக் குறையுங்கள். பொய்யாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் ஓட விடாதீர்கள். 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் ஜல்காவ் அருகே ரயிலில் தீ என்ற வதந்தியைக் கேட்டுப் பயணிகள் அபாயச் சங்கிலியை இழுத்து இறங்கினார்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் வந்த ரயில் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூட்டம் பீதியில் இறங்கும் வாய்ப்பு இருக்கும் இடத்தில் பக்கத்துப் பாதையையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு கண்ட்ரோலரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

15 நிமிடத்துக்குள்: படி 2-இல் எழுதிய கண்ணைக் கூப்பிடுங்கள். இணையாக, முதல் அறிவிப்பை வெளியிடுங்கள். உங்களுக்கு இன்னும் உண்மை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. "கார்லைல் பாலம் குறித்த படத்தைப் பார்த்தோம். முன்னெச்சரிக்கையாக ரயில்களை நிறுத்தியிருக்கிறோம். ஆட்கள் சோதிக்கிறார்கள். அடுத்த தகவல் 1.15-க்கு." இந்த அளவு போதும். நீங்கள் காலியாக விடும் இடத்தில் வேறு யாராவது குடியேறுவார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருளில் மூழ்கி ரயில்கள் நின்றபோது, அபூர்வமான வானிலை நிகழ்வுதான் காரணம் என்று போர்ச்சுகலின் மின் நிறுவனம் ரென் சொன்னதாகச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அப்படி எதுவும் சொல்லவில்லை என்று அவர்கள் மறுக்க வேண்டியிருந்தது. 2024 மார்ச்சில் பால்டிமோர் பாலத்தைச் சரக்குக் கப்பல் டாலி இடித்தபோதும், விசாரணை தொடங்கும் முன்பே சைபர் தாக்குதல் கதைகள் ஓடின. கப்பலில் மின்சாரம் போனதுதான் நடந்தது.

60 நிமிடத்துக்குள்: உறுதியான தகவல், அதோடு ஆதாரம். பாலத்தின் இப்போதைய படம், நேரத்தோடு. அதே நிமிடத்தில் காவல்துறைக்கும் அக்கம்பக்க நிறுவனங்களுக்கும் ஊடகங்களுக்கும் சொல்லுங்கள். அவர்களுடைய எண்கள் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், அவர்களுக்கும் உங்கள் குரல் பழகியிருக்க வேண்டும். 2014 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு ரசாயன ஆலை வெடித்ததாகக் குறுஞ்செய்திகள், போலிச் செய்தித் தளப் படங்கள், ட்விட்டர் பதிவுகள் என்று ஒரே நேரத்தில் கிளம்பின. ஆலையில் ஒன்றுமே நடக்கவில்லை. நிறுவனமும் உள்ளூர் அவசரகால அலுவலகமும் ஒன்றுக்கொன்று தொடர்பில் இருந்ததால் அன்றைக்கே விஷயம் முடிந்தது.

யார் செய்தது, ஏன் செய்தது என்ற கேள்வியை இந்த ஒரு மணி நேரத்தில் தொடவே வேண்டாம். வெளிநாட்டுச் சதியாக இருந்தாலும் விளையாட்டுப் பையனாக இருந்தாலும் பாலத்தைப் பார்க்கும் வேலை ஒன்றுதான். ஆதாரங்களை அழிக்காமல் சேமித்து வையுங்கள், மற்றதைப் பிறகு காவல்துறை பார்க்கும்.

படி 5: மறுப்பு எழுதும் முறை

எத்தனையோ மறுப்புகள் பீதியைக் கூட்டியிருக்கின்றன. வழக்கமான மறுப்பு இப்படி இருக்கும்:

"எரிபொருள் தட்டுப்பாடு என்று பரவும் செய்தி முற்றிலும் தவறானது. பொதுமக்கள் பீதியடைய வேண்டாம்."

இதைப் படிக்கிறவர் மனத்தில் "தட்டுப்பாடு", "பீதி" என்ற இரண்டு சொற்கள்தான் தங்கும். மற்றவர்கள் பீதியில் இருக்கிறார்கள் என்ற தகவலையும் நாமே கொடுத்துவிட்டோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவதில் ஆச்சரியமே இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 9 மணி நிலவரம்: முனையத்தில் 6 நாளுக்குப் போதுமான எரிபொருள் இருக்கிறது. 14 டேங்கர்கள் வழக்கம்போல் கிளம்பிவிட்டன. இரண்டாவது நிரப்பு மேடையில் ஒரு பம்ப் பழுது, மதியத்துக்குள் சரியாகும். டேங்கர் வேலைநிறுத்தம் என்று சுற்றும் ஆடியோ போலி. அடுத்த நிலவரம் 11 மணிக்கு இதே பக்கத்தில்."

உண்மை முதலில் வருகிறது, பொய் ஒரே ஒரு முறை, நடுவில் வருகிறது. எண்கள் இருக்கின்றன. முக்கியமாக, பம்ப் பழுது என்ற சின்னக் கெட்ட செய்தியையும் மறைக்கவில்லை. அதை நாம் மறைத்து, மதியம் வேறு யாராவது படம் பிடித்துப் போட்டால் மீதி நான்கு வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். 11 மணி என்று சொன்னால் 11 மணிக்குப் போட்டே தீர வேண்டும், புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும்.

போலிப் படத்தை மறுக்கும்போது அதை அப்படியே மறுபதிவு செய்யாதீர்கள். படத்தின் குறுக்கே பெரிதாகப் "போலி" என்று எழுதி மட்டுமே காட்டுங்கள். வின்சி விவகாரத்தில் போலி அறிக்கைக்குப் பின் ஒரு போலி மறுப்பும் வந்தது. எனவே "எங்கள் அதிகாரபூர்வ அறிவிப்பு இந்தப் பக்கத்தில் மட்டும்" என்று அமைதியான நாட்களிலேயே ஊருக்குப் பழக்கியிருக்க வேண்டும். உங்கள் பெயரைப் போலவே இருக்கும் இணைய முகவரிகளை முன்கூட்டியே வாங்கி வைப்பதும், மின்னஞ்சலில் உங்கள் பெயரில் பிறர் அனுப்ப முடியாதபடி அமைப்பதும் செலவு குறைந்த காவல்.

படி 6: அலையை அடக்குங்கள்

மறுப்பு வெளியான பிறகும் விநியோகச் சங்கிலிக்குள் பொய் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் விற்பனை 40 சதவீதம் கூடியதைப் பார்த்து கடைக்காரர் இரண்டு மடங்கு ஆர்டர் போடுவார். விநியோகஸ்தர் அதைப் பார்த்து மூன்று மடங்கு போடுவார். தொழிற்சாலை கூடுதல் ஷிப்ட் ஓட்டும். மூன்று வாரம் கழித்து எல்லார் கிடங்கிலும் சரக்கு தேங்கி, ஆர்டர்கள் ரத்தாகும். சங்கிலியில் மேலே போகப் போக ஏற்ற இறக்கம் பெருகும் இந்தப் போக்கை எம்ஐடியின் ஜே ஃபாரெஸ்டர் அறுபதாண்டுகளுக்கு முன்பே விளக்கிவிட்டார். பொய்ச் செய்தி இதற்குத் தீக்குச்சி.

செய்ய வேண்டியவை: வதந்தி நாட்களில் தானியங்கி மறு-ஆர்டரை நிறுத்தி, ஒரு மனிதரின் கையெழுத்துக்குப் பின் மட்டும் போக விடுங்கள். சரக்கைப் பங்கிடும்போது இன்றைய ஆர்டர் அளவைப் பார்க்காமல், கடந்த மாதங்களின் உண்மையான விற்பனையைப் பார்த்துப் பங்கிடுங்கள். ஆர்டர் அளவைப் பார்த்துக் கொடுத்தால், எல்லாரும் தேவைக்கு மேல் எழுதுவார்கள். கடைசிக் கடையின் விற்பனை எண்ணை மேலே உள்ள அனைவருக்கும் காட்டுங்கள். அந்த வாரத் தரவைக் கணிப்பு மென்பொருளில் தனியாகக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு இதே வாரத்தில் அது மறுபடி பெரிய ஆர்டர் போடும்.

எரிபொருளில் உச்சவரம்பு வைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். 2021-இல் பிரிட்டனில் ஒரு நிறுவனம் 30 பவுண்டு வரம்பு வைத்தது. ஆனால் வரிசையை நீளமாக்குபவர்கள் முக்கால் தொட்டி இருக்கும்போதே வந்து நிற்பவர்கள். அவர்களை உச்சவரம்பு தடுக்காது. 1979 எண்ணெய் நெருக்கடியில் சில அமெரிக்க மாநிலங்கள் தலைகீழாக, குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்று விதி போட்டன. பாதிக்கு மேல் நிரம்பிய வண்டி வரிசையில் நிற்பதில் பயன் இல்லாமல் போகும். வதந்தியால் வந்த கூட்டத்துக்கு, என் பார்வையில், இதுதான் பொருத்தமான கருவி. ஆம்புலன்ஸ், பால் வண்டி போன்றவற்றுக்குத் தனி நிலையம் ஒதுக்கிவிட்டு இதைச் செய்ய வேண்டும்.

படி 7: மேசையைப் பூட்டுங்கள்

வங்கிக் கணக்கு மாற்றம், டெலிவரி முகவரி மாற்றம், கன்டெய்னர் விடுவிப்பு, சரக்கை வேறு லாரியில் ஏற்றுவது ஆகிய நான்குக்கும் ஒரே விதி: கோரிக்கை வந்த வழியிலேயே உறுதி கேட்கக்கூடாது. மின்னஞ்சலில் வந்தால், ஏற்கெனவே பதிவில் உள்ள எண்ணுக்கு நீங்களே போன் செய்யுங்கள். வீடியோவில் மேலதிகாரி சொன்னாலும் அப்படியே. "அவசரம், யாரிடமும் சொல்லாதே" என்று வந்தால் அதுவே நிறுத்துவதற்கான காரணம். விதியைப் பின்பற்றித் தாமதித்த ஊழியரை மேலதிகாரி எல்லார் முன்னாலும் பாராட்ட வேண்டும், அந்தக் கோரிக்கை உண்மையாகவே இருந்தாலும்கூட.

படி 8: உங்கள் ஆட்களும் இதே செய்திகளைப் படிக்கிறார்கள்

2020 மார்ச் 31 அன்று லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தில் ஒரு ரயில் ஓட்டுநர், மற்ற நோயாளிகளைக் கவனித்து, ஊர் மருத்துவமனைகளில் கொரோனா நோயாளிகளுக்கு இடம் கிடைக்கச் செய்ய வந்திருந்த மெர்சி மருத்துவக் கப்பலின் உண்மையான நோக்கம் வேறு என்று நம்பி, தன் இன்ஜினை வேகமாக ஓட்டித் தடுப்புகளை உடைத்துத் தடம்புரளச் செய்தார். கப்பலுக்குச் சுமார் 230 மீட்டர் தூரத்தில் அது நின்றது. யாருக்கும் காயம் இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் 5ஜி பற்றிய பொய்யை நம்பி கோபுரங்களுக்குத் தீ வைத்தார்கள், கேபிள் வேலை பார்த்த தொழிலாளர்களைத் தெருவில் திட்டினார்கள்.

ஆகவே ஊழியர்களிடம் பொதுமக்களுக்கு முன்பே உண்மையைச் சொல்லுங்கள். செய்தித்தாளைப் பார்த்து டிரைவர் தன் டிப்போவைப் பற்றித் தெரிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது. வெளியே வேலை பார்ப்பவர்களிடம் கூட்டம் கேள்வி கேட்டால் சொல்ல இரண்டு வரிப் பதிலும், தகராறு வந்தால் வேலையை விட்டுவிட்டு வண்டியில் ஏறிக் கிளம்பும் உரிமையும் எழுத்தில் இருக்கட்டும்.

படி 9: ஒத்திகை

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், படி 1 பட்டியலிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, "ஒத்திகை" என்று தெளிவாகக் குறித்து இரவு ஷிப்ட்டிடம் கொடுங்கள். பகல் ஷிப்ட்டில் செய்தால் எல்லாம் நன்றாகத்தான் நடக்கும், அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒத்திகைத் தாள் அறையை விட்டு வெளியே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அதைப் படம் பிடித்து யாராவது அனுப்பிவிட்டால் நாமே வதந்தி கிளப்பியவர்கள் ஆவோம்.

அளக்க வேண்டியவை நான்கு நேரங்கள்: தகவல் வந்தது, முதல் அறிவிப்பு போனது, நேரில் உறுதியானது, சேவை வழக்கத்துக்குத் திரும்பியது. இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி, போன ஒத்திகையின் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். எந்த இடைவெளி நீண்டிருக்கிறது என்று பார்த்து, அடுத்த ஆறு மாதத்தின் பணத்தையும் ஆளையும் அங்கே போடுங்கள். பெரும்பாலும் அது முதல் அறிவிப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் அதற்கு ஒப்புதல் தர வேண்டியவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு ஷிப்ட் பொறுப்பாளரே யாரையும் கேட்காமல் வெளியிடக்கூடிய மூன்று வரி அறிவிப்பை இந்த வாரமே எழுதி, ஒப்புதல் வாங்கி, கண்ட்ரோல் ரூம் சுவரில் மாட்டிவிடுங்கள்.